திரையில் வராத கைகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில், வல்லக்கோட்டைக்குத் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை. கார்களுக்குள் ஓடும் வயர்க் கட்டுகளைத் தயாரிக்கிறோம். முகப்பு விளக்கு எரியவும் கண்ணாடி ஏறி இறங்கவும் உள்ளே ஒரு வயர் போகவேண்டுமே, அதுதான். அங்கே கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் என் பொறுப்பு. எனக்குக் கீழே ஆள் கிடையாது. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், சர்வர் படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் டிசைன் பிரிவு புனேயில் இருக்கிறது. ஏதாவது ஒரு பாகத்தில் மாற்றம் வந்தால் அங்கிருக்கும் இன்ஜினியர் வீடியோ மீட்டிங்கில் வந்து இங்குள்ளவர்களுக்கு விளக்குவார். அந்த மீட்டிங்குகள் பெரிய தலைவலியாக இருந்தன. இலவசமாகக் கிடைத்த ஒரு செயலியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். விஷயத்துக்கு வரும் நேரம் பார்த்து, உங்கள் நேரம் முடிந்தது என்று அது எல்லோரையும் வெளியே தள்ளிவிடும். மறுபடி கூப்பிட்டு உட்காரவைப்பதற்குள் பாதிப் பேர் உற்பத்தி லைனுக்குத் திரும்பியிருப்பார்கள். போதாக்குறைக்கு வாடிக்கையாளர் நிறுவனம் ஒரு கடிதம் அனுப்பியது. தங்கள் கார் வரைபடங்களை வெளியார் சர்வர் வழியாகப் போகும் எந்த மீட்டிங்கிலும் காட்டக்கூடாது என்று.

வேறு வழி பாருங்கள் என்று எங்கள் யூனிட் தலைவர் என்னிடம் சொன்னார். எனக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே கட்டற்ற மென்பொருள் என்றால் எனக்கு ஒரு பிடிப்பு. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று திறந்து பார்க்கலாம், நம் தேவைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். நம் சர்வரில் நாமே நிறுவிக்கொண்டால் வரைபடம் நம் காம்பவுண்டைத் தாண்டாது.

நான்கு மென்பொருள்களை எடுத்து மூன்று வாரம் சோதித்தேன். ஒன்று பாடம் நடத்த அருமையாக இருந்தது, ஆனால் எங்கள் பழைய சர்வர் அதைத் தாங்கவில்லை. இன்னொன்றில் ஒவ்வொருவரும் கணக்குத் தொடங்க வேண்டும். ஷிஃப்டுக்கு நடுவில் ஓடி வருகிற ஆளிடம் பாஸ்வேர்டு கேட்டால் நடக்கிற காரியமா? மூன்றாவதற்கு ஆறு பேர் தாண்டினால் மூச்சு வாங்கியது. நான்காவதுதான் சரிப்பட்டு வந்தது. எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம். லிங்கைத் தொட்டால் பிரவுசரிலேயே திறந்துகொள்ளும். ஸ்டோர் ரூமில் சும்மா கிடந்த ஒரு சர்வரைத் தூசி தட்டி அதில் நிறுவினேன்.

முதல் வாரம் படம் அடிக்கடி உறைந்து நின்றது. எங்கள் இணைய லைன் ஒல்லி. பத்து பேருடைய வீடியோ ஒரே நேரத்தில் வந்தால் திணறியது. அமைப்புகளைக் குடைந்து பார்த்தேன். கடைசியாகப் பேசிய ஒரு சிலருடைய வீடியோவை மட்டும் அனுப்பு, மற்றவர்களுக்குப் பெயரின் முதல் எழுத்தோடு ஒரு சாம்பல் வட்டம் போதும் என்று சொல்லும் ஒரு வரி இருந்தது. அதில் இரண்டு என்று போட்டேன். அவ்வளவுதான், படம் கண்ணாடி மாதிரி ஓடியது. யூனிட் தலைவர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். மற்ற இரண்டு யூனிட்டுகளுக்கும் இதையே கொண்டுபோகலாம், நீங்களே வந்து விளக்குங்கள் என்று தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. நான் தரையில் நடக்கவில்லை.

இங்கே இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் யூனிட்டில் காது கேளாத பதினொரு பேர் வேலை பார்க்கிறார்கள். முக்கியமான கூட்டம் என்றால் தாம்பரத்திலிருந்து ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் வருவார். நாற்பத்தைந்து வயதுப் பெண். அவருடைய அப்பா, அம்மா இரண்டு பேருக்குமே காது கேட்காது. அதனால் பேச்சுக்கு முன்பே சைகை பழகியவர். ஆனால் அவசரக் கூட்டம் என்றால் இரண்டு பஸ் மாறி அவரால் உடனே வந்து சேர முடியாது. அவரும் வீட்டிலிருந்தே வீடியோவில் சேரட்டுமே என்று யோசனை சொன்னது நான்தான். எல்லோருக்கும் பிடித்திருந்தது, அவருக்கும்தான்.

ஆடி மாதத்தில் ஒரு கனெக்டரில் மாற்றம் வந்தது. இரண்டு வயர்களை இணைக்கும் அந்தப் பிளாஸ்டிக் துண்டில் புதிதாக ஓர் உள்பூட்டு வைத்திருந்தார்கள். கடைசிப் பரிசோதனையில் இருப்பவர் அதை அழுத்திப் பார்த்து, பூட்டியிருந்தால் மஞ்சள் மையால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புனே இன்ஜினியர் வீடியோவில் வந்து விளக்கினார், மொழிபெயர்ப்பாளர் வீட்டிலிருந்து சேர்ந்திருந்தார். பயிற்சி அறையின் பெரிய டிவி முன்னால் எல்லோரும் உட்கார்ந்தார்கள், ஓரத்தில் லேப்டாப்போடு நானும். முடிந்ததும் 'புரிந்தது' என்ற தாளில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு லைனுக்குப் போனார்கள். எழுத்தில் குறிப்புத் தாள் அச்சாகி வர இன்னும் நான்கு நாள் ஆகும் என்றார்கள்.

அந்த நான்கு நாளில் மஞ்சள் புள்ளி இல்லாமல் ஒரு முழு லாட், அதாவது ஒரே தொகுப்பாகச் செய்த அத்தனை பீஸும், வெளியே போய்விட்டது. வாடிக்கையாளர் அத்தனையையும் திருப்பி அனுப்பினார். சிலவற்றில் உள்பூட்டு பூட்டவே இல்லை. ஓடும் காரில் அது கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கடைசிப் பரிசோதனை மேஜையில் இருந்தவர் காது கேளாத பதினொரு பேரில் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். மணிமங்கலம் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். மூன்று வருடமாக அவர் கையிலிருந்து ஒரு பீஸ்கூடத் தவறாகப் போனதில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டியவர். இப்போது அவர் மேல் விசாரணை.

விசாரணையும் வீடியோவில்தான். தலைமை அலுவலக மனிதவள அதிகாரி ஒருவர், புனே இன்ஜினியர், தன் அறையிலிருந்து யூனிட் தலைவர், வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பாளர் என்று நான்கு பேர் திரையில். பயிற்சி அறையில் எங்கள் யூனிட் மனிதவள மேலாளர், லைன் சூப்பர்வைசர், அந்தப் பெண். ஏதாவது மக்கர் செய்தால் பார்த்துக்கொள்ள ஓரத்தில் நான்.

மேலாளர் கையெழுத்துத் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"கையெழுத்து இருக்கு. புரிஞ்சதுன்னு இவங்களே போட்டிருக்காங்க. அப்புறம் ஏன் செய்யல?"

சூப்பர்வைசர் அதற்கு மேல் சேர்த்தார். "நான் பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன் சார். புரிஞ்சுதான்னு கட்ட விரல காட்டிக் கேட்டேன். தலைய ஆட்டிச்சு."

தலைமை அலுவலக அதிகாரி ஏதோ கேட்டார். யூனிட் தலைவர் பதில் சொன்னார். புனே இன்ஜினியர் குறுக்கே வந்து, தான் இரண்டு முறை விளக்கியதாகச் சொன்னார். பேச்சு அவர்களுக்குள்ளேயே வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் டிவியைப் பார்த்துக் கையை அசைத்தார். யாரும் கவனிக்கவில்லை. மறுபடி அசைத்தார். அமைதியாக உட்காரச் சொல்லும்படி மேலாளர் சூப்பர்வைசரிடம் கண்ணைக் காட்டினார்.

அவர் உட்காரவில்லை. எழுந்து நேரே டிவியிடம் போனார். திரையின் ஓரத்தில் வரிசையாக இருந்த சின்னக் கட்டங்களில் ஒன்றை விரல் முட்டியால் தட்டினார். டொக், டொக். அந்தக் கட்டத்தில் ஒரு சாம்பல் வட்டமும் ஓர் எழுத்தும் இருந்தன. பிறகு தன் உள்ளங்கையால் தன் கண்களை மூடிக் காட்டினார்.

"மேடம், டிவிய ஒடச்சுடப் போவுது," என்றார் சூப்பர்வைசர் என்னைப் பார்த்து.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் மொழிபெயர்ப்பாளர். மற்றவர்கள் பேசுவதை அவர் கைகளால் சொல்லிக்கொண்டிருக்கிறார். கைகளால் சொல்லும்போது வாய் பேசாது. வாய் பேசாதவரை என் மென்பொருள் பேசாதவர் என்றுதான் எடுத்துக்கொள்ளும். கடைசியாகப் பேசிய இரண்டு பேரை மட்டும் காட்டு என்று அதற்குச் சொல்லிவைத்தவள் நான்.

அந்த நொடியில் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தபோது என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "நெட் கொஞ்சம் ஸ்லோவா இருக்கு சார்."

நாளைக் காலை தொடரலாம் என்று கலைந்தார்கள். அந்தப் பெண் என்னைக் கடந்து போகும்போது ஒரு பார்வை பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. இவளுக்கும் புரியவில்லையா என்கிற பார்வை. புரிந்த பிறகும் பொய் சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது. அதுதான் என்னை இன்னும் சுட்டது.

என் இடத்துக்குப் போய் அந்தக் கனெக்டர் பயிற்சிக் கூட்டத்தின் பதிவைத் தேடி எடுத்தேன். எங்கள் மென்பொருள் கூட்டத்தைப் பதிவு செய்யும்போது, அதுவும் ஓர் ஆளாகக் கூட்டத்தில் சேர்ந்து, அந்த ஆளுக்குத் திரையில் என்ன தெரியுமோ அதையே பதிவு செய்யும். அதாவது பயிற்சி அறை டிவியில் அன்றைக்கு என்ன தெரிந்ததோ கிட்டத்தட்ட அதேதான். ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு ஓடவிட்டேன்.

இருபத்திரண்டு நிமிடம். புனே இன்ஜினியரின் முகம், வாய் அசைகிறது. ஓர் ஆங்கில ஸ்லைடு, அதில் பூட்டின் படம், ஏதோ ஓர் அம்புக்குறி. யூனிட் தலைவரின் முகம். மறுபடி இன்ஜினியர். ஓரத்தில் சாம்பல் வட்டம். அவ்வளவுதான். எனக்கு விஷயம் தெரியும், இருந்தும் மஞ்சள் புள்ளி என்கிற செய்தியை அந்தப் படத்திலிருந்து என்னால் எடுக்க முடியவில்லை.

நடுவில் ஒரே ஓர் இடத்தில் மொழிபெயர்ப்பாளரின் முகம் பெரிதாக வந்தது. ஏதோ கேட்கிறார். ஒலியைத் திறந்து கேட்டேன்.

"மேடம், பயிற்சி ரூம் எனக்கு வட்டமாத்தான் தெரியுது. நான் அவங்களுக்குத் தெரியுறேனா?"

அடுத்து ஒரு குரல். "தெரியுறீங்க மேடம், சூப்பரா தெரியுறீங்க."

என் குரல்.

அவர் வாய் திறந்து கேட்டதால்தான் அந்த நேரத்தில் அவர் முகம் திரைக்கு வந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன், தெரிந்தார், தெரிகிறது என்று சொன்னேன். அவர் நிம்மதியாகக் கைகளால் சொல்லத் தொடங்கினார். பத்து நொடியில் மறுபடி வட்டமாகிவிட்டார். எப்போது சோதித்தாலும் சரியாக இருக்கும், சோதனை முடிந்ததும் கெட்டுப்போகும். இப்படி ஒரு பழுதை நான் அதுவரை பார்த்ததில்லை. அதை உண்டாக்கியவளும் நானே.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண்ணைத் தேடிக் கேன்டீனுக்குப் போனேன். சாம்பார் சாதத்தைத் தொடாமல் வைத்திருந்தார். எதிரே உட்கார்ந்து, மொபைலில் தட்டச்சு செய்து காட்டினேன். அன்றைக்குக் கூட்டத்தில் உங்களுக்கு என்ன தெரிந்தது?

மொபைலை வாங்கி வேகமாகத் தட்டினார்.

"மொழிபெயர்க்கும் சிஸ்டர் முகம் ஒரு தடவை வந்தது. பிறகு வட்டம். நான் கை தூக்கினேன். சூப்பர்வைசர் கட்டை விரல் காட்டினார். நல்லது, உட்கார் என்று நினைத்தேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். லைனில் யாரும் புதிதாக எதுவும் சொல்லவில்லை. பழைய மாதிரி செய்தேன்."

படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் விடவில்லை. இன்னும் ஒரு வரி தட்டி என் முன்னால் வைத்தார்.

"இந்த வீடியோவைத் தேர்வு செய்யும்போது ஏன் எங்களிடம் கேட்கவில்லை?"

மூன்று வாரம் சோதித்தேன் என்று பெருமையாகச் சொன்னேனே. சர்வர் தாங்குமா, லைன் தாங்குமா, பாஸ்வேர்டு வேண்டுமா, வரைபடம் வெளியே போகுமா என்று ஒன்று விடாமல் பார்த்தேன். பதினொரு பேரும் அதே கூரையின் கீழ்தான் இருந்தார்கள். ஒரு நாள் மதியம் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தால் ஐந்தாவது நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். எனக்குத் தோன்றவில்லை. அதையே தட்டிக் காட்டினேன். தோன்றவில்லை, மன்னியுங்கள்.

அவர் தலையசைக்கவில்லை. மொபைலை என் பக்கம் தள்ளிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.

மதியமே நான் அந்த அமைப்பைச் சரிசெய்திருக்கலாம். ஒரு வரிதான். மாற்றிவிட்டால் மறுநாள் விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் தெளிவாகத் தெரிவார். அந்தப் பெண் தன் பக்கத்தைச் சொல்வார். சந்தேகத்தின் பலனில் தப்பித்தாலும் தப்பிக்கலாம். என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இன்னும் பத்து நாளில் தலைமை அலுவலகத்தில் நான் பேச வேண்டும். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் படப்பை வரும்வரை இதே கணக்குத்தான் ஓடியது. ஆனால் கண்ணை மூடினால், "சூப்பரா தெரியுறீங்க" என்ற என் குரல் கேட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மொழிபெயர்ப்பாளருக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப அன்னிக்கு நான் சுவத்துக்குத்தான் சொல்லிட்டு இருந்தேனா?" என்றார். கொஞ்சம் கழித்து அவரே, "நாளைக்கு வீடியோ வேணாம் மேடம். நான் நேர்லயே வந்துடறேன்," என்றார்.

மறுநாள் காலையில் சொன்னபடி வந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விசாரணை தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் வேண்டும் என்று கேட்டேன். யூனிட் தலைவரையும் பயிற்சி அறைக்கே வரச் சொல்லியிருந்தேன். பதிவை டிவியில் போட்டேன், ஒலி இல்லாமல்.

முதல் நிமிடம் எல்லோரும் பொறுமையாகப் பார்த்தார்கள். இரண்டாவது நிமிடம் மேலாளர், "சவுண்ட் வரலையேம்மா," என்றார்.

"வராது சார். அப்படியே பாருங்க."

ஐந்து நிமிடம் முடிந்ததும் நிறுத்தினேன். "இதுல என்ன செக் பண்ணச் சொன்னாங்க சார்?" என்று கேட்டேன்.

மேலாளர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "மஞ்ச புள்ளிதான். அது எனக்குத் தெரியும். ஆனா இத மட்டும் பாத்துச் சொல்லணும்னா..." டிவியை மறுபடி பார்த்தார். "ஒண்ணும் தெரியல மேடம்."

அதற்குப் பிறகு நான் நின்றபடியே சொன்னேன். எந்த வரி, அதை ஏன் போட்டேன், அதனால் என்ன ஆனது, மொழிபெயர்ப்பாளர் கேட்டபோது நான் என்ன பதில் சொன்னேன், நேற்று நெட் ஸ்லோ என்று சொன்னது பொய் என்பது வரை. நான் பேசப் பேச, மொழிபெயர்ப்பாளர் அதைக் கைகளால் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கண்கள் மொழிபெயர்ப்பாளரின் கைகளை விட்டு என் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. கடைசி வார்த்தை முடிந்த பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"அப்ப இது யார் மேல போகும்?" என்று கேட்டார் மேலாளர்.

"என் மேலதான் சார்."

எதிர்பார்க்காத ஒன்று அப்போது நடந்தது. சூப்பர்வைசர் எழுந்தார். "நானும் ஒண்ணு சொல்லிடறேன் சார். அது கை தூக்கிச்சு. டவுட்டு கேக்குதுன்னு எனக்குத் தோணிச்சு. லைன் நிக்குதேன்னு கட்ட விரல காட்டி உக்கார வெச்சிட்டேன். வூட்டுக்குப் போயும் அதே நெனப்புதான்." சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டார்.

அப்போது அந்தப் பெண் பேசினார். அதாவது அவர் கைகள் பேசின, மொழிபெயர்ப்பாளர் குரல் கொடுத்தார். "என் கையிலேர்ந்து பூட்டாத பீஸ் வெளிய போயிருக்கு. அது எனக்குக் கஷ்டமா இருக்கு. அடுத்த தடவை புரியலன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். லைன் நின்னாலும் போட மாட்டேன். அதுக்கு என்னைத் திட்டக் கூடாது."

யூனிட் தலைவர், "திட்ட மாட்டோம்மா," என்றார். அதைத் தாளிலும் எழுதவைத்தார்.

விசாரணை முடிந்தது. அவர் மேல் எந்தக் குறிப்பும் இல்லை. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தலைமை அலுவலகத்தில் நான் பேசுவது தள்ளிப்போடப்பட்டது. இந்த மென்பொருளே வேண்டாம், காசு கொடுத்து நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று அங்கே சிலர் பேச ஆரம்பித்தார்கள். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. தவறு செய்தது நான் எழுதிய ஒரு வரி. அந்த வரியைத் திறந்து பார்த்து மாற்ற எனக்கு உரிமை இருக்கிறது, அதற்காகத்தானே இதைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு வாரம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன்.

இந்த முறை முதலில் பதினொரு பேரையும் கூப்பிட்டேன். சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம், பயிற்சி அறையில். அந்தப் பெண் வருவாரா என்று சந்தேகமாக இருந்தது. முதல் ஆளாக வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார்.

அந்த இரண்டு வாரத்தில் நான் கற்றுக்கொண்டது எந்தக் கையேட்டிலும் இருந்ததில்லை. மொழிபெயர்ப்பாளரின் படம் சின்னக் கட்டத்தில் இருந்தால் விரல்கள் ஒன்றோடு ஒன்று குழம்பிவிடுகின்றன. திரையில் கால் பங்காவது வேண்டும். படம் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை, விட்டு விட்டு வந்தால் ஆகாது. கை எங்கிருந்து எங்கே போனது என்பதில்தான் சொல்லே இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் வீட்டுப் பூப்போட்ட திரைச்சீலைக்கு முன்னால் கைகள் தொலைந்துபோகின்றன. அவர் மறுநாளே அதைக் கழற்றிவிட்டு வெறும் சுவருக்கு முன்னால், கருநீலச் சுடிதாரில் உட்கார்ந்தார். ஸ்லைடு மாறும்போது பேசுகிறவர் கொஞ்சம் நிறுத்த வேண்டும். ஒரே நேரத்தில் படத்தையும் கைகளையும் பார்க்க யாருக்கும் நாலு கண் கிடையாது.

லைன் ஒல்லியாக இருக்கிறதே, இத்தனையையும் தாங்குமா என்று கேட்டேன். அந்தப் பெண் கைகளால் ஏதோ சொல்ல, மற்ற பத்து பேரும் தோள் குலுங்கச் சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளரும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க ரூமுக்கு வர்ற சத்தத்த நிறுத்திடுங்க, அதுல மிச்சம் பிடிங்கன்னு சொல்றாங்க."

சத்தத்தை நிறுத்துவதால் பெரிய மிச்சம் இல்லை. ஆனால் அந்தக் கிண்டலிலிருந்துதான் எனக்கு வழி கிடைத்தது. காது கேட்கிறவர்களுக்கு எல்லாருடைய முகமும் எதற்கு? குரல் போதும். அவர்கள் வீடியோவை அணைத்துவிட்டு, மிச்சமான லைன் முழுவதையும் மொழிபெயர்ப்பாளரின் கைகளுக்கும், பதில் சொல்லும் இவர்களின் கைகளுக்கும் கொடுத்தேன். மொழிபெயர்ப்பாளர் பேசினாலும் பேசாவிட்டாலும் திரையை விட்டுப் போகாதபடி ஒரு சின்ன மாற்றம் எழுதினேன். அவ்வளவு பழைய சர்வரில், அவ்வளவு ஒல்லியான லைனில், கைகள் தடங்கல் இல்லாமல் ஓடின. எழுதியதை அந்த மென்பொருளைப் பராமரிக்கும் தன்னார்வலர்களுக்கும் அனுப்பிவைத்தேன். வேறு எங்கோ இருக்கும் ஒருவருக்கு உதவட்டும்.

அடுத்த மாதம் அந்தப் பெண்ணின் வேலை நிரந்தரமானது. என் பேச்சும் ஒருவழியாகத் தலைமை அலுவலகத்தில் நடந்தது, நான்கு மாதம் தாமதமாக. மூன்று யூனிட்டுகளிலும் இப்போது எங்கள் மென்பொருள்தான் ஓடுகிறது.

போன வருடம் ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து ஒரு விற்பனையாளர் வந்தார். தங்கள் வீடியோ மீட்டிங் எவ்வளவு உயர்ந்தது என்று காட்டுவதற்காக. நன்றாகவே பேசினார். பின்னணியை மாற்றலாம், பேச்சைத் தானே எழுத்தாக்கும், யார் பேசினாலும் அவர் முகத்தைத் தேடிப்பிடித்துப் பெரிதாகக் காட்டும் என்று வரிசையாகச் சொன்னார். இப்போதெல்லாம் இப்படி எதையாவது பார்க்க உட்கார்ந்தால் எங்கள் குழுவில் நான்கு பேர் இருப்போம். அதில் ஒருவர் அந்தப் பெண். விற்பனையாளர் முடித்ததும், கேள்வி ஏதாவது உண்டா என்றார். இவர் கை தூக்கினார். பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் குரல் கொடுத்தார்.

"நான் பேசினா, உங்க ஸ்க்ரீன் என்னைக் காட்டுமா?"

காட்டுமே மேடம் என்றார் விற்பனையாளர். "பேசிப் பாருங்க."

இவர் காமிராவைப் பார்த்துக் கைகளால் பேசினார். நிதானமாக, ஒரு நிமிடம் போலப் பேசினார். திரை அசையவே இல்லை. அது விற்பனையாளரின் முகத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அவர் மவுஸை எடுத்து எதையெதையோ அழுத்திப் பார்த்தார். பிறகு நேர்மையாகவே, இதைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தேர்ந்தெடுத்த மென்பொருள் சரியானது என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் ஒன்று நன்றாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால், அதைச் சொல்வது நானாகவே இருந்தாலும், யாருக்கு நன்றாக ஓடுகிறது என்று கேட்டுவிட்டுத்தான் இப்போது அடுத்த வேலையைப் பார்க்கிறேன்.